நிமிரும் படகும் மூழ்காத படகும்

1989 ஜூன் 4, விடியற்காலை. நியூசிலாந்தின் பிக்டனிலிருந்து டோங்கா தீவுகளுக்குக் கிளம்பியிருந்த ‘ரோஸ்-நோயெல்’ என்ற பாய்மரப் படகை ஒரு பெரிய அலை கவிழ்த்தது. சுமார் 12 மீட்டர் நீளம், மூன்று உடல்களைப் பக்கம் பக்கமாக இணைத்துக் கட்டிய படகு. தலைகீழானது தலைகீழானதுதான், திரும்பவே இல்லை. ஆனால் மூழ்கவும் இல்லை. படகோட்டி ஜான் கிளெனியும் உடனிருந்த மூவரும் அதற்குள்ளேயே ஓர் இடுக்கில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். மழைநீரைப் பிடித்துக் குடித்தார்கள், மீன் பிடித்துத் தின்றார்கள். அப்படியே 119 நாள் மிதந்தார்கள். செப்டம்பர் 30 அன்று கிரேட் பேரியர் தீவின் பாறைகளில் படகு மோதி உடைந்தபோது நால்வரும் உயிரோடு கரையேறினார்கள். இவ்வளவு திடமாக இருக்கிறார்களே என்று பலர் அவர்கள் சொன்னதை நம்பவில்லை. அரசு விசாரணை நடந்த பிறகுதான் அது மெய் என்று உறுதியானது.

2018 செப்டம்பர் 21, தென் இந்தியப் பெருங்கடல். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் தன்னந்தனியாக ஓட்டிவந்த ‘துரியா’ புயலில் சிக்கி ஒரு முழுச் சுற்றுப் புரண்டது. பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி, எழுந்து நடக்க முடியவில்லை. படகோ தானாகவே நிமிர்ந்துவிட்டது. மூன்று நாள் அதற்குள் படுத்துக் கிடந்தவரை ‘ஒசிரிஸ்’ என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் வந்து மீட்டது. துரியா கோவாவில் கட்டிய ஒற்றை உடல் படகு. தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 1969இல் முதலில் வந்துசேர்ந்த ‘சுஹைலி’யின் மறுவடிவம் அது. அந்த சுஹைலியும் மும்பையில் தேக்கு மரத்தில் கட்டியதுதான்.

பெருங்கடல் தாண்டி நெடும்பயணம் போக நினைக்கிறவர்கள் ஒற்றை உடல் படகா, கேட்டமரான் எனப்படும் இரட்டை உடல் படகா என்று ஓயாமல் விவாதிக்கிறார்கள். இந்த இரு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்த விவாதத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டுமே மனிதரைக் காப்பாற்றிய படகுகள். காப்பாற்றிய விதம்தான் நேர் எதிர்.

ஒற்றை உடல் படகின் அடியில் ‘கீல்’ என்ற கனத்த தகடு நீருக்குள் இறங்கியிருக்கும். ஈயமோ இரும்போ வார்த்த பாரம் அதில் இருக்கும். பெருங்கடல் படகுகளில் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தப் பாரம்தான். தஞ்சாவூர்ப் பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் அடிப்பாரம் அதை நிமிர்த்துவதுபோல, சாயச் சாய அந்தக் கீல் படகைப் பலமாக இழுத்துப் பிடிக்கிறது. நல்ல பெருங்கடல் படகு 120 பாகை வரை, அதாவது பாய்மரத்தின் நுனி நீருக்குள் போன பின்னும், நிமிரப் பார்க்கும். அதையும் தாண்டி முழுக்கக் கவிழ்ந்தாலும் அடுத்த பெரிய அலை கொஞ்சம் உலுக்கினால் போதும், மறுபக்கமாகப் புரண்டு எழுந்துவிடும்.

இரட்டை உடல் படகில், ரோஸ்-நோயெல் போன்ற மூன்று உடல் படகைப் போலவே, அந்தப் பாரமே கிடையாது. அதன் பலம் முழுவதும் அகலத்தில் இருக்கிறது. 12, 13 மீட்டர் நீளமுள்ள ஒன்று 7 மீட்டர் அகலம் இருக்கும். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது, சாயும் பக்கத்து உடல் தாங்கிநிற்க, படகின் மொத்த எடையும் நெம்புகோலாக நின்று எதிர்க்கிறது. அந்த நெம்புகோலின் நீளம் இரண்டரை மீட்டருக்குக் குறையாது. ஒற்றை உடல் படகில் அது ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதனால்தான் இரட்டை உடல் படகு சாய்வதே இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் காற்றுப் பக்கத்து உடல் நீரைவிட்டு எழும் கணத்தில், பத்துப் பாகையைத் தாண்டுவதற்குள்ளாகவே, அந்தப் பலம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு இறங்குமுகம். பாதி புரண்டபின் அதைத் தடுக்க எதுவுமில்லை. தலைகீழான நிலையிலும் அது அதே உறுதியோடு மிதக்கும். ஆகவே பல இரட்டை உடல் படகுகளில், கவிழ்ந்த பிறகு வெளியே வருவதற்கென்றே நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சாளரம் வைக்கிறார்கள். கட்டுகிறவர்களே ஒப்புக்கொண்ட உண்மை அது.

ஒற்றை உடல் படகின் பலவீனமும் அதே ஈயத்தில்தான். உடலில் ஓட்டை விழுந்து தண்ணீர் நிரம்பினால் நிமிர்த்திய பாரமே அடிமட்டத்துக்கு இழுத்துச் செல்லும். இருந்தாலும் எதுவும் எளிதில் மூழ்கிவிடுவதில்லை. பிரிட்டனின் 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் புயலில் மாட்டி, 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். ஆள்கள் கைவிட்டுப் போன படகுகள் 24. மூழ்கியவை ஐந்துதான். மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. படகு நம்மைக் கைவிடுவதற்கு முன்பே அவசரப்பட்டு அதைக் கைவிடக்கூடாது என்ற பாடம் அந்த விலைக்குக் கிடைத்தது.

கவிழ்வது அரிது. அன்றாடம் நடப்பது வேறு, என்னை அதிகம் ஈர்ப்பதும் அதுதான். ஒற்றை உடல் படகு சாய்வதன் மூலம் பேசுகிறது. காற்று வலுத்தால் சாய்கிறது, சாய்ந்தால் பாயிலிருந்து காற்று வழிந்து ஓடுகிறது, பாயைச் சுருக்கு என்று தூங்குகிறவருக்கும் உடம்பே சொல்லிவிடும். இரட்டை உடல் படகு அப்படிச் சொல்லாது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) காற்று 28 நாட் ஆனாலே அழுத்தம் இருமடங்கு. படகு அதைக் காட்டிக்கொள்ளாமல் தாங்கிக்கொண்டிருக்கும், மேசையில் வைத்த தேநீர்கூடச் சிந்தாது. ஆகவே அதில் இரவுக் காவலிருப்பவர் உணர்வை நம்பாமல் காற்றுமானியின் எண்ணைப் பார்த்துப் பாய் சுருக்க வேண்டும். இந்த ஒழுக்கம் இல்லாதவர் அந்தப் படகை வாங்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

வேகம் பற்றி நிறையச் சொல்வார்கள். ஒற்றை உடல் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் 11 மீட்டர் நீளமிருந்தால் 8 நாட் வேகத்துக்கு மேல் போவது கடினம். ஒல்லியான இரட்டை உடல்கள் சிறிய அலைதான் எழுப்பும், அதனால் அந்த வரம்பைத் தாண்டும். ஆனால் ஒல்லியாக, சுமையில்லாமல் இருக்கும்வரைதான். பசிபிக்கில் கலாபகஸிலிருந்து மார்க்கேசஸ் தீவுகள் வரை சுமார் 3,000 கடல் மைல். நான்கு பேருக்கு ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வீதம் 25 நாளுக்குத் தண்ணீர் மட்டும் 400 கிலோ. டீசல், அரிசி, மாவு, கருவி, உதிரி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் தாண்டிவிடும். அந்தப் பாரத்தில் உடல்கள் ஆழ்ந்து, வேகம் போய், இரண்டு உடல்களுக்கும் நடுவிலுள்ள தளத்தின் அடியில் அலை ‘தடார் தடார்’ என்று இடிக்கத் தொடங்கும். அதே சுமையை ஒற்றை உடல் படகு அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

குழந்தைகளோடு வெப்பமண்டலக் காற்று வழிகளில், முதுகுக்குப் பின்னால் காற்றை வைத்துத் தீவு தீவாகப் போகிறவர்களுக்கு இரட்டை உடல் படகையே சொல்வேன். ஆழமற்ற காயலுக்குள்ளும் அது நுழையும். டோமி போன கடலுக்கு, தெற்கு அட்சரேகை 40 பாகையை ஒட்டியும் அதற்குத் தெற்கேயும், கீல் இல்லாத படகில் போக எனக்கு மனம் வராது. எங்கே போவதானாலும் படகு பார்க்கப் போகிற நண்பர்களிடம் ஒன்றைத் தவறாமல் சொல்கிறேன்: எத்தனை படுக்கை என்று கேட்பதற்கு முன், காலியாக அதன் எடை எவ்வளவு, எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கேளுங்கள்.