கீழாநெல்லியும் மஞ்சட்காமாலையும்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தபின் கோவையின் வடபாலுள்ள கணபதிப் பகுதியில் நடந்து பாருங்கள். பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் இடையே எஞ்சியிருக்கும் காலிமனைகளில் ஒரு சிறு பூண்டு தழைத்து நிற்கும். ஓரடி, ஒன்றரையடிக்கு மேல் வளராது. புளியிலையை ஒத்த இலைகள். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் கடுகினும் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழே காய் தாங்குவதால் இது கீழ்க்காய்நெல்லி எனப்பட்டது. மக்கள் வழக்கில் கீழாநெல்லி.

வீட்டில் எவருக்கேனும் கண் மஞ்சளித்தால் நம் தாய்மார்களின் கை முதலில் தேடுவது இப்பூண்டைத்தான். வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பர். உப்பில்லாப் பத்தியமும் உண்டு. சில வாரங்களில் நோயாளி தெளிந்து எழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஆனால் அவரைக் குணப்படுத்தியது அப்பூண்டுதானா?

சென்னையில் பிறந்த நம்பிக்கை

இவ்வினாவை எழுப்பியவர்கள் நம் மாநிலத்து அறிஞர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் ஹெபடைடிஸ் 'பி' வைரசை உடலில் தாங்கியிருந்த 78 பேரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் மூன்று வேளை, 30 நாள்கள் தரப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலிப் பொடி. முடிவு 1988-இல் இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. பூண்டு உண்டு மறுசோதனைக்கு வந்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதம் காணப்படவில்லை. போலிப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மறைந்திருந்தது. இவ்வைரசைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க் அவர்களும் இவ்வாய்வில் பங்குகொண்டவர். காலிமனைப் பூண்டு உலகப் புகழ் பெற்றதில் வியப்பில்லை.

எனினும், ஓரிடத்தில் கண்ட பயன் வேறிடங்களிலும் காணப்பட வேண்டுமென்பது மருத்துவ அறிவியலின் நெறி. 1990-இல் தாய்லாந்திலும், 1994-இல் நியூசிலாந்திலும் வெளியான ஆய்வுகளில் அப்பயன் கிட்டவில்லை. அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் 2011-இல் ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் குழுவினர், நாட்பட்ட ஹெபடைடிஸ் 'பி' நோயை இப்பூண்டு போக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லையென்றே முடிவுரைத்தனர்.

சாறும் சத்தும்

அதனால் இது பயனற்ற பூண்டு என்று தள்ளிவிடலாமா? அதுவும் முறையன்று. இதில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் முதலிய இயற்கைப் பொருள்கள் உள்ளன. நஞ்சூட்டப்பட்ட விலங்குகளின் ஈரலை இவை ஓரளவு காத்ததாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் எலிக்கு உதவியது மனிதருக்கும் உதவுமென்று கொள்வதற்கில்லை. மேலும், பில்லாந்தின் நீரில் எளிதில் கரையாதது, சாராயத்தில் கரைவது. ஆகவே மோரில் கலக்கிய விழுதும், கடையில் விற்கும் செறிவூட்டிய சாற்று மாத்திரையும் ஒன்றல்ல. ஒன்றின் அளவைக் கொண்டு மற்றொன்றின் அளவைக் கணிக்கலாகாது.

பூண்டை இனங்காண்பதிலும் இடர் உண்டு. அமெரிக்க நாடுகளுக்குரிய 'பில்லாந்தஸ் நிரூரி' என்னும் பெயரே நம் பூண்டுக்கும் நெடுங்காலம் வழங்கிவந்தது. நம் நிலத்தில் விளைவது 'பில்லாந்தஸ் அமாரஸ்'. இதனை ஒத்த பிற இனங்களும் அருகருகே முளைக்கின்றன. இவற்றைப் பிரித்தறியும் பணிக்கென்றே கோவையில் 1955 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலக் கிளை இயங்கி வருகிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாத் உலர்தாவரகத்தை உருவாக்கிய இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார் தம் வாழ்நாளையே தமிழகத் தாவரங்களை இனங்காண்பதற்கு அளித்தார். கற்றவர்க்கே கடினமான இப்பணியை அவசரத்தில் தெருவோரம் பறிப்பவர் எங்ஙனம் செய்வார்?

மஞ்சள் ஒன்று, காரணம் பல

மஞ்சட்காமாலை தனியொரு நோயன்று, நோயின் அடையாளமே. பிலிரூபின் என்னும் மஞ்சள்நிறப் பொருள் இரத்தத்தில் மிகுவதால் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் 'ஏ', 'ஈ' ஆகியவை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அக்காலத்தில் எதை அரைத்துக் குடித்தாலும் புகழ் அதற்கே சேரும். கீழாநெல்லி பெற்ற நற்பெயரில் ஒரு பங்கு இவ்வாறு வந்ததே.

ஆனால் பித்தநாளத்தில் கல் அடைத்தாலும், புற்று வளர்ந்தாலும், மது ஈரலைச் சிதைத்தாலும் இதே மஞ்சள்தான் தோன்றும். ஹெபடைடிஸ் 'ஈ' கருவுற்ற தாய்மார்க்கு, சிறப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே உலை வைக்கும். பிறந்த குழந்தையின் மஞ்சள் மிகுந்தால் மூளை கெடும். இவர்களுக்குப் பூண்டைக் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பே.

குடும்பத்தார் செய்ய வேண்டுவன

கண் மஞ்சளித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்து காரணத்தை அறியுங்கள். நோயாளி தடுமாறிப் பேசினாலும், பகலெல்லாம் உறங்கினாலும், ஓயாது வாந்தியெடுத்தாலும், இரத்தம் கசிந்தாலும் ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நாட்டு மருந்து ஏதேனும் கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறையாது சொல்லுங்கள். அதற்கு நாணுதல் வேண்டா. குடிநீரைக் கொதிக்கவைத்து அருந்துங்கள்.

ஹெபடைடிஸ் 'பி'யைத் தடுக்க உறுதியான வழி தடுப்பூசியே. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசியும், பின்னர் 6, 10, 14 ஆம் வாரங்களில் அடுத்த ஊசிகளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகின்றன. பாட்டிமார் பேரக்குழந்தைக்கு அளிக்க விரும்பும் ஈரல் காப்பு இதுவாகவே இருக்கட்டும். கீழாநெல்லியின் உண்மைப் பயனை ஆய்வாளர்கள் மேலும் ஆராயட்டும். அதுவரை நோயாளியின் உயிரை அதன் பொறுப்பில் விட்டுவிடாதிருப்போம்.