கேளாமற் புதுப்பிக்கப்படும் வண்டி உதவி ஒப்பந்தம்: நிறுத்துவது எங்ஙனம்?

சென்ற அக்டோபர் மாதத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கூலிப் பட்டுவாடா முடிந்து, அங்கத்தினர்கள் பாவு நூலைப் பெற்றுக்கொண்டு கலைந்துகொண்டிருந்த நேரம். அவர்களுள் ஒருவர் தம் வங்கிப் பாஸ் புத்தகத்தை நம்மிடம் நீட்டி, “ஐயா, போட்ட கூலி நிற்பதில்லை, எங்கே போகிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

மே மாதம் 24-ஆம் தேதி 649 ரூபாய் எடுக்கப்பட்டிருந்தது. முந்தைய வருஷமும் ஏறக்குறைய அதே தேதியில் 599 ரூபாய் போயிருந்தது. விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. அவர் ஸ்கூட்டர் வாங்கியபோது, வண்டி வழியில் நின்றுவிட்டால் ஆள் அனுப்பிச் சீர்செய்து தரும் ‘ரோடு சைடு அசிஸ்டன்ஸ்’ ஒப்பந்தம் ஒன்றையும் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். முதல் தவணை கட்டியபோதே, வருஷந்தோறும் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளலாம் என்ற சம்மதமும் கைபேசியில் பெறப்பட்டிருக்கிறது. அந்த உதவியை அவர் ஒருமுறையேனும் கோரியதில்லை. பங்க்சர் ஆனால் தெருமுனையிலே ஒட்டிக்கொள்பவர் அவர்.

ஆயினும் நமக்குக் கவலை தந்தது 649 ரூபாய் அன்று. அது போனபின் கணக்கில் எஞ்சியது 13 ரூபாய். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவின் வருஷப் பிரீமியமாகிய 20 ரூபாயை மே மாதக் கடைசியில் வங்கி எடுக்க வேண்டும். எடுக்க வழியில்லாது போயிற்று. விபத்தில் உயிர் போனால் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய் தரும் பாதுகாப்பு ஜூன் 1-ஆம் தேதியோடு அற்றுப்போனது. அதை அறியாமலே ஐந்து மாத காலம், இரவிலும் புடவை மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு அவர் அதே ஸ்கூட்டரில் நெடுஞ்சாலையில் போய் வந்திருக்கிறார்.

“அந்த உதவி ஒப்பந்தத்தை நிறுத்திவிடலாமே” என்றோம். “நிறுத்தினால் இன்சூரன்ஸ் இல்லையென்று போலீசார் வண்டியைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா, ஐயா?” என்று கேட்டார். இந்த அச்சமே பலரைப் பேசாமற் பணம் கட்டவைக்கிறது. ஆகையால் இதனை முதலில் தெளிவாக்குவோம்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கேட்பது, நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதம், காயம், நஷ்டம் ஆகியவற்றிற்கான காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு என்பது அதுவே. அது இன்றி வண்டி ஓட்டினால் முதற் குற்றத்திற்கே 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வழியில் நின்ற வண்டியை இழுத்துச் செல்வதும், டயர் மாற்றுவதும், தீர்ந்த பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றுவதும் சட்டம் கேட்பன அல்ல; அவை நம் வசதிக்காக நாம் விலை கொடுத்து வாங்கும் ஊழியம். 2018 செப்டம்பர் 1 முதல், புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷத்திற்கும், புதிய காருக்கு மூன்று வருஷத்திற்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே விற்க வேண்டுமென்பது ஏற்பாடு. நம் நெசவாளரின் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம். சட்டப்படியான காப்பீடு இன்னும் இரண்டு வருஷத்திற்கு மேல் செல்லுபடியாயிருந்தது. உதவி ஒப்பந்தமோ வேறொரு கம்பெனியின் தனிக் காகிதம்.

எனவே எதனையும் நிறுத்துமுன் இரு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் அவசியம். எதில் ‘மூன்றாம் நபர் பொறுப்பு’ என்று கண்டிருக்கிறதோ அதனைத் தொடலாகாது. சில காப்பீட்டுப் பத்திரங்களில் வழித்துணை உதவி கூடுதல் ஷரத்தாகச் சேர்ந்தே இருக்கும். அதற்குத் தனியே தொகையும் காட்டியிருப்பார்கள். வண்டி செய்த கம்பெனியே முதற் சில வருஷங்களுக்கு இவ்வுதவியை அளிப்பதும் உண்டு. அங்ஙனமாயின் ஒரே ஊழியத்திற்கு இருமுறை பணம் போகிறது என்று பொருள்.

இனி நிறுத்தும் வழி. இதற்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்றை மட்டும் அறுத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. கம்பெனியோடு நமக்குள்ள ஒப்பந்தம் ஒரு முனை. பணம் எடுக்க நாம் வங்கிக்குத் தந்த சம்மதம் மற்றொரு முனை.

கம்பெனிக்குக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே எழுதுவது நலம். ஒப்பந்த எண், வண்டிப் பதிவு எண், முடியும் தேதி ஆகியவற்றைக் குறித்து, “இத்தேதிக்குப் பின் இவ்வொப்பந்தத்தைப் புதுப்பிக்க எமக்கு விருப்பமில்லை, தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை ரத்து செய்து எழுத்து மூலம் உறுதி செய்க” என்று எழுதினால் போதும். தொலைபேசியிற் சொன்னால் ஆகாதா எனின், ஆகும். ஆனால் பின்னர்க் காட்டுவதற்கு நம் கையில் ஒன்றும் இராது. மேலும் அங்கே பேசுவோர் விலையைக் குறைக்கிறோம் என்று நம்மைத் தடுத்து நிறுத்தும் பயிற்சி பெற்றவர்கள்.

வங்கி முனையில், சம்மதம் எவ்வழியில் தரப்பட்டது என்று காண வேண்டும். யு.பி.ஐ. வழியாயின், பணம் அனுப்பும் அதே செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதி இருக்கும். நாம் தந்த சம்மதங்கள் அனைத்தும் அங்கே வரிசையாய்த் தெரியும். வேண்டாததைத் தேர்ந்து ரத்து செய்து, இரகசிய எண்ணை இட்டால் முடிந்தது. கார்டு வழியாயின், கார்டு தந்த வங்கியின் செயலியிலோ வலைத்தளத்திலோ அதே வசதி உண்டு. படிவத்தில் கையொப்பமிட்டு வங்கிக் கணக்கிலிருந்தே எடுக்கச் செய்திருந்தால், கணக்குள்ள கிளைக்கு மனுக் கொடுத்து ரத்து கோர வேண்டும். இம்மூன்றாவது வகையிலேதான் கடன் தவணைகளும் பெரும்பாலும் போகின்றன. அவசரத்தில் அவற்றை ரத்து செய்துவிட்டுப் பின்னர் வருந்துவோரை நாம் கண்டிருக்கிறோம்.

கார்டு, யு.பி.ஐ. ஆகிய இருவழிகளுக்கும் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் வெளியான இவ்விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக அமலுக்கு வந்தன. இவற்றின்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி நமக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்காக என்பன அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டுமோ முழுச் சம்மதத்தையுமோ விலக்கிக்கொள்ள வழியும் தர வேண்டும். இந்த வசதிக்கு நம்மிடம் கட்டணம் வாங்கலாகாது.

விதி நல்லதுதான். ஆனால் அறிவிப்பு எந்தக் கைபேசிக்குப் போகிறது என்பதே கேள்வி. ஒரு விவசாயிகள் சங்கத்தில் சரக்கு வண்டிக்கான உதவி ஒப்பந்தம் மூன்று வருஷம் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்தது. வண்டியை விற்றே இரண்டு வருஷம் ஆகியிருந்தது! அறிவிப்புகள் யாவும் ஓய்வு பெற்றுப்போன பழைய காரியதரிசியின் எண்ணுக்குச் சென்றுகொண்டிருந்தன. அவரோ அவற்றை விளம்பரமென்று எண்ணி அழித்துவிட்டார். காரியதரிசி மாறும்போது சாவிக்கொத்தை ஒப்படைப்பது போலவே வங்கியிற் பதிந்த எண்ணையும் மாற்றுதல் வேண்டும்.

இன்னொரு ஜாக்கிரதை. சம்மதத்தை விலக்கும்போது வங்கி ஓ.டி.பி. கேட்பது முறையே. அதனை நாமே செயலியில் இடுகிறோம். யாரேனும் கூப்பிட்டு, “உங்கள் புதுப்பிப்பை நிறுத்தித் தருகிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்றால், அவர் நிறுத்த வந்தவரல்லர், எடுக்க வந்தவர்.

கணக்கைக் காலியாக வைத்துவிட்டால் எடுக்க முடியாதல்லவா என்று சிலர் யுக்தி சொல்கின்றனர். படிவத்தின் வழி எடுக்கும் தொகை திரும்பினால் வங்கி தண்டக் கட்டணம் விதிக்கும். அதோடு, எடுக்கப்பட வேண்டிய நல்ல தொகைகளும் எடுபடாமற் போகும். மேற்சொன்ன 20 ரூபாயே சாட்சி.

பணம் ஏற்கனவே போய்விட்டதா? அன்றைக்கே கம்பெனிக்கு எழுதித் திருப்பிக் கேட்க வேண்டும். உதவி எதனையும் பெறாமல் விரைவாகக் கேட்டால் திருப்பித் தருவோர் உண்டு. ஷரத்துகளில் அதற்கான கால அளவைப் பார்க்கவும். கம்பெனி மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரத்து செய்த பிறகும் வங்கி பணம் விட்டிருந்தால், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்த்துப் பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. வழித்துணை உதவிக்குப் பேர்போன இங்கிலாந்தில், 1905-இல் ஏற்பட்ட ஆட்டோமொபைல் சங்கத்தின் காவலர்கள் தொடக்கத்தில் சைக்கிளிற் சுற்றியவர்கள். அந்நாட்டிலும் காப்பீடுகள் சத்தமின்றி விலையேறிப் புதுப்பிக்கப்படுவது பெரும் புகாராகி, 2017 ஏப்ரல் முதல் புதுப்பிப்பு அறிவிப்பில் சென்ற வருஷத்துப் பிரீமியத்தையும் காட்டவேண்டுமென்று விதித்தார்கள்.

எல்லோரும் நிறுத்துக என்று நாம் சொல்லவில்லை. நள்ளிரவில் காய்கறி ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போகும் விவசாயிக்கு, வண்டி நின்றால் சரக்கே அழுகிவிடும். அவருக்கு இவ்வொப்பந்தம் தகும் என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அவரும் வருஷந்தோறும் விலையைப் பார்த்துத் தாமே புதுப்பிக்கட்டும். இழுத்துச் செல்லும் தூரத்திற்கு வரம்பு உண்டா, சரக்கு வண்டிக்கும் செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் நெசவாளர் மறுநாளே வங்கிக்குச் சென்று 20 ரூபாய் கட்டிச் சுரக்ஷா திட்டத்தில் மறுபடி சேர்ந்துகொண்டார். ஆட்டோபே பகுதியைத் திறந்து பார்த்ததில் அவருக்கு இன்னும் இரண்டு சம்மதங்கள் இருந்தன. ஒன்று, மகன் சினிமா பார்க்கக் கட்டிய சந்தா. மற்றொன்று எதற்கென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.