வெண்ணெய் சிவக்கும் பதம்

‘பதம்’ என்னும் சொல் தமிழிலே பல பொருள் குறிப்பது. சொல்லும் பதம் எனப்படும். பண்டம் வெந்து இறக்குதற்கு ஏற்ற நிலையும் பதம் எனப்படும். வகுப்பறையிலே பகுபதம், பகாப்பதம் என நாம் பயில்வது முன்னையது. அடுக்களையிலே பாகு காய்ச்சுவோர் கம்பிப்பதம், உருண்டைப்பதம் எனக் கூறுவது பின்னையது. தொழிலின் பதத்தை அறிந்தவர்க்கே அதற்குரிய சொல் வாய்க்கும். அச்சொல் வழக்கொழியின் தொழிலும் மெல்லக் கைவிட்டுப் போகும்.

இதனை விளக்குதற்கு எளியதோர் இனிப்புப் பண்டத்தை எடுத்துக்கொள்கின்றேன். சிவக்கக் காய்ச்சிய வெண்ணெயோடு கொட்டைப் பருப்பும் மாவும் சீனியும் சேர்த்துப் போறணையிலே சுட்டு, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி உண்ணும் பண்ணியம் அது. மேனாட்டு வீடுகளில் தேநீரோடு உண்ணப்படுவது. இக்காலத்தே கொழும்புக் கடைகளிலும் பெட்டியிலிட்டு விற்கப்படுகின்றது. பெயரும் பெட்டியும் புதியனவேயன்றி, இதன் உயிராகிய செயல் நமக்குப் புதியதன்று. நெய்யுருக்கும் போதெல்லாம் நம் பாட்டிமார் செய்துவந்ததே அது.

வெண்ணெய் என்பது முழுதும் கொழுப்பன்று. நூற்றுக்கு எண்பது பங்கு கொழுப்பு; ஏறக்குறையப் பதினாறு பங்கு நீர்; எஞ்சிய சிறு பங்கிலே பாற்புரதமும் பாலுக்குரிய சீனியும் உள்ளன. கடையில் வாங்குவதாயின் உப்பும் சேர்ந்திருக்கலாம். அடுப்பிலே வைத்தவுடன் வெண்ணெய் உருகுகின்றது. சிறிது நேரத்தில் அதிலுள்ள நீர் கொதித்து ஆவியாகின்றது. நீர் உள்ள அளவும் சட்டியின் வெப்பம் நூறு பாகையை விட்டு அதிகம் ஏறாது. நீர் வற்றிய பின்னரே வெப்பம் விரைந்து உயரும். நூற்றிருபது பாகையைக் கடந்தபின், அடியிலே படிந்த புரதமும் பாற்சீனியும் ஒன்றோடொன்று வினைப்பட்டுச் செந்நிறம் கொள்கின்றன. நூற்றுக்கணக்கான நறுமணப் பொருள்கள் அப்போது பிறக்கின்றன.

இவ்வினையை 1912ஆம் ஆண்டில் விளக்கியுரைத்தவர் உலூயி கமீல் மயார் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர். ஆதலின் இஃது ‘மயார் வினை’ எனப் பெயர் பெற்றது. 1953ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் அறிஞர் யோன் ஹோட்ச் இதன் படிமுறைகளை வகுத்துக் காட்டினார். பாணின் மேலோடு சிவப்பதும், தோசையின் விளிம்பு முறுகுவதும், வறுத்த கோப்பி மணப்பதும் இவ்வினையினாலேயே. வறுத்த பருப்பின் மணமும் இதிற் பிறப்பதே. அதனாலன்றோ, பருப்பு ஒன்றேனும் சேராத நிலையிலும் சிவந்த வெண்ணெயிலே பருப்பு மணம் கமழ்கின்றது! பிரெஞ்சு மொழியிலே இதற்கு ‘நுவாசெத்’ வெண்ணெய் என்று பெயர்; நுவாசெத் என்பது அந்நாட்டு மக்கள் விரும்பியுண்ணும் ஒருவகைக் கொட்டை.

இனி, நம் நெய்க்கும் இதற்கும் உள்ள வேற்றுமை யாது? காய்ச்சும் முறையில் வேற்றுமை மிகச் சிறிது. நாமும் நீர் வற்றும்வரை காய்ச்சுகின்றோம். அடிப்படிவு சிவக்கும்போது முருங்கையிலையோ கறிவேப்பிலையோ இட்டு இறக்குகின்றோம். பின்னர் வடித்துத் தெளிந்த நெய்யைப் போத்தலில் வைத்துக் கசண்டை நீக்குகின்றோம். நெய் நெடுநாள் கெடாதிருத்தற்கு அவ்வாறு வடித்தல் வேண்டும். மேனாட்டார் உடனே பயன்படுத்துவோராதலின் வடிப்பதில்லை. கசண்டையும் உடன் சேர்க்கின்றனர். மணத்திற் பெரும்பகுதி அக்கசண்டிலேயே உள்ளது. நெய்யுருக்கிய சட்டியிலே சூடான சோற்றை இட்டுப் பிசைந்து தரும்படி வீட்டுப் பிள்ளைகள் போட்டியிடுவதன் காரணம் இதுவே.

சிவக்கும் பதத்தை அறியும் வகை கூறுவேன். அடிகனத்த, வெண்ணிற உட்புறமுடைய சட்டியைக் கொள்க. கறுத்த இரும்புத் தாச்சியிலே நிறம் தெரியாது. அடுப்பு மிதமாக எரிதல் வேண்டும். வெண்ணெயைத் துண்டுகளாக்கி இட்டுக் கிளறுக. முதலில் செவிக்கு வேலை: நீர் வெளியேறும்போது சடசடவென ஒலி எழும், பெருங்குமிழிகள் தோன்றும். ஒலி தணிந்து அடங்குமாயின் நீர் வற்றியது என்க. இரண்டாவது கண்ணுக்கு வேலை: பெருங்குமிழி மறைந்து நுண்ணிய நுரை பொங்கும். நுரையைக் கரண்டியால் ஒதுக்கி அடியை நோக்குக. வெண்மையாய் இருந்த படிவு மஞ்சளாகி, பொன்னிறமாகி, முந்திரிகை வற்றலின் செந்நிறத்தை நாடும். மூன்றாவது மூக்கிற்கு வேலை: பால் மணம் மாறி வறுத்த பருப்பின் மணம் எழும். அக்கணமே இறக்கி வேறொரு பாத்திரத்திற்கு மாற்றுக. சட்டியிலேயே விடின், அதன் சூட்டினாலே படிவு மேலும் கருகும். கறுத்தது கசக்கும், அதனைத் திருத்த வழியில்லை.

கைக்கும் ஒரு வேலை உண்டு. சித்த மருத்துவர் தைலம் காய்ச்சும்போது மெழுகுபதம், கடுகுபதம், மணற்பதம் என அடிக்கசண்டைக் கொண்டே பதம் காண்பர். விரலிடை உருட்ட மெழுகு போல் திரள்வது ஒன்று. கடுகு போல் உதிர்வது ஒன்று. மணல் போல் நறநறப்பது ஒன்று. வெண்ணெயின் படிவும் இவ்வாறே மென்மை நீங்கி மணலாகின்றது. ஒரு துளியை ஆறவைத்து விரலால் தேய்த்துப் பார்ப்பவர் இதனை அறிவர். சமையற் புத்தகங்கள் ‘ஐந்து நிமிடம்’, ‘எட்டு நிமிடம்’ எனக் கணக்குக் கூறுகின்றன. அடுப்பின் வேகமும், சட்டியின் கனமும், வெண்ணெயின் அளவும், அதிலுள்ள நீரும் வீட்டுக்கு வீடு வேறுபடுதலின் அக்கணக்கு எல்லோர்க்கும் பொருந்தாது. பதச்சொல்லோ எவ்வடுப்பிற்கும் பொருந்துவது. நிமிடம் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுகின்றது. மணற்பதம் பண்டத்தையே பார்க்கச் சொல்லுகின்றது.

வெண்ணெய்க்கு மாற்றாக மாஜரினைக் கொள்வோர் பலர். அது பெரும்பாலும் தாவரக் கொழுப்பினால் ஆவது. பாற்புரதம் இல்லாமையாலோ மிகக் குறைந்திருத்தலாலோ அஃது இவ்வாறு சிவவாது. செலவைக் குறைக்க விரும்புவோர்க்கு வேறு வழியுண்டு. நம் வீடுகளில் உள்ள பால்மாவிலே புரதமும் பாற்சீனியும் நிறைந்துள்ளன. வெண்ணெயைக் குறைத்துக்கொண்டு, ஒலி அடங்கும் தறுவாயில் ஒரு மேசைக்கரண்டி பால்மாவை இட்டுக் கிளறின், அதுவும் சிவந்து மணத்தைப் பெருக்கும். தேங்காயெண்ணெயிலோ பழைய நெய்யிலோ இட்டாலும் இவ்வாறே நிகழும். மயார் வினை எதனை வேண்டுகின்றது என்று அறிந்தவர்க்கு இம்மாற்று எளிதிற் புலப்படும்.

பருப்பின் பொருட்டு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த முந்தற் பகுதி தென்னைக்குப் பேர்போனது. குருநாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களைத் தென்னை முக்கோணம் என்பர். வடக்கே வண்ணாத்திவில்லுப் பக்கத்து வறண்ட நிலங்களிலே மரமுந்திரிகை செழிக்கின்றது. அம்மரம் மாமரக் குடும்பத்தைச் சார்ந்தது; பிரேசில் நாட்டினின்று போர்த்துக்கேயரால் கீழைநாடுகளுக்குக் கொணரப்பட்டது. பழத்துக்கு வெளியே கொட்டை முந்தி நிற்றலின் முந்திரி ஆயிற்று என்பர். நிலம் கடலுள் முந்தி நிற்குமிடத்தை முந்தல் என்பதும் அவ்வினையடியாகவே. நம் ஊருக்கும் இக்கொட்டைக்கும் இங்ஙனம் பெயருறவும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. உடையாத மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டிலே தோலைப் பொசுக்கும் எண்ணெய் உண்டு. அதன் புகையும் கண்ணுக்குத் தீது. கொட்டையுடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருப்பது அதனாலேயே. ஆதலின் பிள்ளைகள் அதனை வீட்டிலே சுட்டு உடைக்க முயலற்க. உடைத்தெடுத்த பருப்பையே வாங்குக. அதன் விலையிலே அவ்விரல்களின் உழைப்பும் அடங்கியிருத்தலை எண்ணுவோர், ஒரு பருப்பையேனும் கருகவிடத் துணியார்.

இனிச் செய்முறை. சைவ வீடுகளுக்கு ஏற்ப முட்டை சேராத முறையைக் கூறுகின்றேன். வெண்ணெய் அரை இறாத்தல், அஃதாவது 227 கிராம், கோதுமை மா 250 கிராம், ரவை 50 கிராம், சிவப்புச் சீனி அல்லது பொடித்த பனங்கட்டி 100 கிராம், மரமுந்திரிகைப் பருப்பு 150 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டி, ஏலப்பொடி சிறிது. வெண்ணெயில் உப்பில்லையாயின் பாலாவி உப்பிலே ஒரு சிட்டிகை சேர்க்க.

பருப்பை இளவறுப்பாக வறுத்துப் பருமனாக நறுக்குக. வெண்ணெயை முற்கூறியவாறு சிவக்கக் காய்ச்சிக் கசண்டோடு ஆறவிடுக. முழுதும் உறைய வேண்டுவதில்லை. கைபொறுக்கும் சூடு போதும். சீனியை அதனுட் கலந்து, மா, ரவை, ஏலம், பருப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசிறுக. காய்ச்சும்போது வெண்ணெய் தன் நீரை இழந்துவிட்டமையால் மா எளிதில் உதிரும். பாலைத் தெளித்தல் அவ்விழப்பை ஈடுசெய்தற்கே. கையாற் பிடித்தால் பிடிபடவேண்டும். மிகுதியாகப் பிசைந்தால் பண்ணியம் வன்மையாகும். எட்டு அங்குலச் சதுரத் தட்டிலே எண்ணெய்க் கடதாசி விரித்து, கலவையை இட்டுச் சமமாக அழுத்தி, முள்ளுக்கரண்டியால் ஆங்காங்கே குத்துக. 165 பாகைச் சூட்டிலே முப்பத்தைந்து நிமிட அளவில் விளிம்புகள் சிவக்கும். நிமிடத்தை நம்பாது விளிம்பை நம்புக. சூடாறுமுன்னே கூரிய கத்தியாற் கோடிட்டு வெட்டி, தட்டிலேயே ஆறவிடுக. ஆறியபின் வெட்டினால் நொறுங்கும். முட்டை உண்போர் மாவை 225 கிராமாகவும் சீனியை அதே அளவாகவும் கொண்டு, ரவையும் பாலும் நீக்கி, இரண்டு முட்டையும் அரைத் தேக்கரண்டி அப்பமாவுத் தூளும் சேர்த்து 175 பாகையிற் சுடின் மெத்தென்ற துண்டுகள் கிடைக்கும்.

போறணை இல்லாதவர் மனந்தளர வேண்டுவதில்லை. கனத்த பானையின் அடியிலே ஓரங்குல உயரம் மணல் பரப்பி அடுப்பிலேற்றிச் சூடாக்குக. மணல்மேல் ஒரு தாங்கியும் அதன்மேல் தட்டும் வைத்துத் தகர மூடியால் மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணல் பரப்புக. நம் கரையோரத்தார் கேக்கும் தேங்காய்ப் பணியாரமும் மேலும் கீழும் தணலிட்டுச் சுட்ட முறை இதுவே. 2022ஆம் ஆண்டிலே எரிவாயுவும் பால்மாவும் கிடைத்தற்கரியவாய் மக்கள் வரிசையிலே நின்ற காலத்தில், சிரட்டையின் அருமையைப் பலரும் மறுபடி உணர்ந்தனர். தணலை எப்போதும் வெளிமுற்றத்தில் வைக்க. அடைத்த அறையிலே தணற்புகை உயிர்க்கே கேடு விளைப்பது.

கடற்காற்றின் ஈரத்தினாலே பண்ணியம் நமுத்துப் போகுமாதலின், நன்கு ஆறியபின் இறுகமூடும் தகரப்பேணியில் வைக்க. ஒரு கிழமை வரை கெடாது. பள்ளி விழாக்களிற் பங்கிடுவோர், கொட்டைப் பருப்பு ஒவ்வாத பிள்ளைகள் உளரோ என முன்னரே கேட்டறிதல் கடன். ஒவ்வாமை உடையார்க்குச் சிறு துணுக்கும் பெருந்தீங்கு செய்யும். அவர்க்கெனப் பருப்பை நீக்கித் தேங்காய்ப்பூவை வறுத்துச் சேர்த்துத் தனிப் பாத்திரத்திற் செய்யலாம். வெண்ணெயின் மணமே போதிய சுவை தரும்.

செய்முறை இவ்வளவே. ஆயினும் இதனைப் பண்ணியத்தின் பொருட்டு மட்டும் யான் எழுதவில்லை. பெட்டியிலே வாங்குவோர்க்குச் சுவை கிடைக்கும், பதம் கிடைக்காது. ஒலி அடங்குதல், நுரை மாறுதல், கசண்டு மணலாதல் என்பவற்றை ஒருமுறை அருகிருந்து பார்த்த பிள்ளைக்கு, வேதியியல் வகுப்பிலே மயார் வினை புதிதாய்த் தோன்றாது. தமிழ் வகுப்பிலே பதம் என்னும் சொல் உயிரற்றதாய்த் தோன்றாது. நெய்யை வடித்துக் கசண்டை எறிதல் போல, பொருளை வைத்துக்கொண்டு சொல்லை எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகின்றது. மணம் அச்சொல்லிலே உள்ளது என்பதை அறியாமலே எறிகின்றோம்.

புத்தளக் கரை பல அடுக்களைகளின் கூட்டம். உடப்பிலும் முந்தலிலும் வாழும் தமிழரின் சொற்கள் ஒருபுறம். முஸ்லிம் இல்லங்களின் சொற்கள் மற்றொருபுறம். கத்தோலிக்கர், சிங்களவர் வழங்கும் சொற்கள் வேறு. 1990ஆம் ஆண்டில் வடக்கினின்று வெளியேற்றப்பட்டு இம்மாவட்டத்திற் குடியேறிய முஸ்லிம் மக்களோடு மன்னார், யாழ்ப்பாண அடுக்களைச் சொற்களும் வந்து சேர்ந்தன. இவற்றைத் திரட்டி வைத்தோர் மிகச் சிலர். ஆதலின் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: விடுமுறையிலே வீட்டு மூத்தோர் அருகிருந்து, அவர் அடுப்பிலே பயிலும் பதச்சொற்கள் பத்தினை, இன்னபோது இன்ன பொருளில் வழங்குவது என்னும் குறிப்போடு எழுதிக் கொணர்க. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் பழைய மாணவரும் தம் தாயாரையும் பாட்டியாரையும் தொலைபேசியிலே வினவி அவ்வாறே எழுதி அனுப்புவாராக. விழா மலர் ஆண்டுதோறும் வருவதன்று. அச்சொற்களை அறிந்த மூத்தோரும் என்றும் நம்மோடு இருப்பவரல்லர்.