பாண்டியில் பாண்டி ஆட இடம் இருக்கிறதா?

எங்கள் ஊரான புதுச்சேரிக்குச் செல்லப்பெயர் பாண்டி. கட்டம் கிழித்து, சில்லு எறிந்து, நொண்டியடிக்கும் ஆட்டத்துக்கும் அதே பெயர்தான். ஆனால் முத்தியால்பேட்டைத் தெருக்களில் கட்டம் கிழிக்க வேண்டிய இடத்தில் இன்று ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. காலையில் பால்வாடியிலோ கிரஷ்ஷிலோ விடப்படும் பிள்ளை சாயங்காலம்தான் வீடு திரும்புகிறது. அது ஓடுவதும் குதிப்பதும் அங்கேயே நடந்தால்தான் உண்டு.

அங்கேயோ, கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்கார்ந்திருப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம். 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்த பாரதி, தன் பாப்பா பாட்டில் பிள்ளைகளை ஓடச் சொன்னார். அந்தப் பாட்டையே ஆண்டுவிழா மேடையில் ஆடாமல் அசையாமல் நின்று ஒப்பிக்க வைக்கிறோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது:

- 1 முதல் 4 வயது வரை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய வேண்டும். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டம், குதியாட்டம் வேண்டும்.
- தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது.
- இரண்டு வயது வரை டிவி, செல்போன் வேண்டாம். அதற்குப் பிறகும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும்.

மூன்று மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டாம். யாரும் ஒரே மூச்சில் ஆடச் சொல்லவில்லை. பாய் சுருட்டுவது, தட்டு எடுத்து வைப்பது, கைகழுவ வரிசையில் தவளைபோல் தாவிப் போவது எல்லாம் கணக்கில் சேரும். ஓடியாடிய பிள்ளைக்குப் பசி எடுக்கும், தூக்கம் வரும், எலும்பும் தசையும் உறுதிப்படும். வெளி வெளிச்சத்தில் விளையாடும் நேரம் கூடினால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறையும்.

செங்கீரை முதல் சிறுதேர் வரை

குழந்தை எந்தப் பருவத்தில் என்ன செய்யும் என்பதைப் பிள்ளைத்தமிழ் எப்போதோ பருவம் பருவமாகப் பிரித்துவைத்தது. ஐந்தாம் மாதத்துக்குரியது செங்கீரை. கைகளைத் தரையில் ஊன்றி, தலையைத் தூக்கிக் குழந்தை அசைந்தாடும் பருவம். பிறகு கைதட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வாரானை, தேர் உருட்டும் சிறுதேர்.

இந்த வளர்ச்சிக்கெல்லாம் முதல் மைதானம் தரைதான். தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்க, பாயில் குப்புறப் படுக்கவிட வேண்டும். பலமுறையாகப் பிரித்து நாளுக்கு மொத்தம் 30 நிமிடமாவது இது நடக்க வேண்டும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் சக்கர வாக்கரால் நடை சீக்கிரம் வராது. உருண்டு விழும் ஆபத்துதான் அதிகம். கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. பின்னால் நின்று பிள்ளை தானே தள்ளும் நம் மர நடைவண்டி அதைவிட மேல்.

சின்ன அறையிலும் ஆடலாம்

பால்வாடிக்கு மைதானம் இருக்காது. ஓர் அறையும் ஒரு வராண்டாவும் இருக்கும். அது போதும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னால் உடல் சமநிலை பழகும். பழைய சேலையைச் சுருட்டிக் கட்டினால் பந்து. அதைக் கூடையில் எறிந்தால் கையும் கண்ணும் ஒத்துழைக்கப் பழகும். கடலோரக் குருசுக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு நண்டு நடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோளுக்கும் கைக்கும் அதைவிட நல்ல பயிற்சியும் இல்லை.

பாண்டி ஆட்டத்தையும் படிப்படியாகப் பழக்கலாம். இரண்டு வயதில் இரு காலையும் சேர்த்துக் கட்டத்துக்குள் குதிக்கட்டும். மூன்றில் ஒற்றைக்காலில் ஒரு கணம் நிற்கட்டும். நான்கு வயதுவாக்கில் நொண்டியடிக்க வந்துவிடும். நடக்க முடியாத பிள்ளை இருந்தால் சில்லு எறிவது அதன் வேலையாகட்டும்; ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

வெயிலும் மழையும்

கோடையில் வெளி விளையாட்டு காலை 10 மணிக்கு முன்பு, அல்லது மாலை 4 மணிக்குப் பிறகு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் கொடுக்க வேண்டும். தாகம் எடுத்ததைச் சின்னப் பிள்ளை சொல்லாது. சறுக்குமரத் தகடு சுடுகிறதா என்று முதலில் நம் கையை வைத்துப் பார்ப்பது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அப்போது ஆட்டம் வராண்டாவுக்கு மாறட்டும், நின்றுவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பாரதி பூங்கா இருக்கிறது; கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் வராது.

டீச்சரும் ஆயாவும்

பதிவேடு, எடை பார்ப்பது, சத்துணவு, போனில் போஷன் டிராக்கர் செயலி என்று அங்கன்வாடி டீச்சருக்கு வேலை தலைக்குமேல் இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பெரியவர் ஆடினால்தான் பிள்ளையும் ஆடும். 1943 டிசம்பர் 2-இல் இந்த ஊரில் அரவிந்தர் ஆசிரமப் பள்ளியைத் தொடங்கிய ஸ்ரீ அன்னை, எழுபது வயதைக் கடந்தும் டென்னிஸ் ஆடியவர். ஆண்டுதோறும் அதே தேதியில் அங்கே உடற்பயிற்சி நிகழ்ச்சி நடக்கிறது. அந்த வசதி எல்லா இடத்திலும் வராது; டீச்சரோ ஆயாவோ பத்துப் பத்து நிமிடமாகச் சில முறை எழுந்து சேர்ந்து ஆடுவது எங்கும் முடியும். சேட்டை செய்த பிள்ளைக்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்துவது மட்டும் கூடாது.

எப்போது மருத்துவரிடம் போவது?

9 மாதமாகியும் பிடிப்பில்லாமல் உட்காராவிட்டால், 18 மாதமாகியும் நடக்காவிட்டால், அடிக்கடி கால் இடறி விழுந்தால், சற்று ஓடியதும் இளைத்தால் அல்லது உதடு நீலம் பாரித்தால் தாமதிக்கக் கூடாது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கோரிமேட்டில் ஜிப்மரும் இருக்கின்றன.

வாசலில் கேட்கும் கேள்வி

பிள்ளையை அழைக்கப் போகும்போது, "இன்னிக்கு என்ன எழுதின?" என்றுதான் நாம் கேட்கிறோம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் மூன்று வயதுக் கையிலும் பென்சில் திணிக்கப்பட்டது. நாளை முதல், "இன்னிக்கு என்ன ஆடின?" என்று கேட்டுப் பாருங்கள். டீச்சரின் காதிலும் அது விழட்டும். பத்துத் தாய்மார் ஒரு வாரம் இப்படிக் கேட்டால், வராண்டாவில் யாராவது ஒருவர் சாக்பீஸை எடுத்துக் கட்டம் கிழிக்கத் தொடங்கிவிடுவார்.