பிள்ளையின் மூக்கில் எண்ணெய் எதற்கு?

இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றும் பாட்டிகளின் கைப்பக்குவத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கழுத்து நிற்காத பிள்ளை அந்தக் கால்களின் நடுவே பத்திரமாகக் கிடக்கும். இதமாக எண்ணெய் தேய்த்துவிடுவதிலும் தவறில்லை. குளிப்பாட்டும் சாக்கில் கூடவே நடப்பவைதான் கவலை தருகின்றன.

மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய், காதில் இரண்டு சொட்டு. பிறகு மூக்கில் வாய் வைத்து ஊதுவது, தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழையை வழிப்பது. சளி பிடிக்காமலிருக்க இப்படிச் செய்வதாகச் சொல்வார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். தண்ணீர் போனால் உடனே புரை ஏறி இருமல் வரும். எண்ணெய் அந்த இருமலைக்கூடத் தூண்டாமல் உள்ளே போய்ப் படிந்துவிடும். அதனால் வருகிற நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அந்த எண்ணெய் கரையாது. பிறந்த சில மாதங்களுக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கைச் சுத்தம் செய்யத் தும்மல் இருக்கிறது. பிள்ளை தும்மினாலே சளி என்று பதற வேண்டியதில்லை.

சில பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், மார்பு லேசாக வீங்கிப் பால்போல் கசியும். தாயின் ஹார்மோன் பிள்ளையின் உடலில் மிச்சமிருப்பதால் வருவது இது, தானாக வடிந்துவிடும். குளிப்பாட்டும்போது அதைப் பிழிந்து எடுப்பார்கள். பிழிந்தால் சீழ் கட்டக்கூடும். இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

அடுத்தது வாய். பிறந்ததும் சேனை தொட்டு வைப்பது பல ஊர்களில் வழக்கம். சர்க்கரைத் தண்ணீர், தேன், சில இடங்களில் கழுதைப்பால். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்குச் சில மில்லி பாலே போதும். அந்த அளவுக்குத்தான் சீம்பால் சுரக்கிறது. மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறதே என்று பீய்ச்சிக் கொட்டுகிறார்களே, நோயை எதிர்க்கும் சக்தி செறிந்திருப்பது அந்தப் பாலில்தான். தேனை ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிள்ளையின் குடலில் பெருகி நச்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான்.

“பால் பத்தலை, அதான் அழுவுது” என்று பெற்றவளின் காதுபடச் சொல்வதைப்போல அவளை உடைத்துப்போடுவது வேறில்லை. பால் ஊறிய பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாள் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். சாயங்காலமானால் வீறிட்டு அழும் பிள்ளைக்கு உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுகிறார்கள். அந்த அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். உருட்டினால் கழுத்துக்குத்தான் ஆபத்து.

மஞ்சள் காமாலைக்கு வெயிலில் காட்டுவதில் மட்டும் ஒரு துளி உண்மை உண்டு. 1950-களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் பிள்ளையின் தோல் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்தார். அங்கிருந்த மருத்துவர்கள் அதை ஆராய்ந்து ஒளி சிகிச்சையைக் கொண்டுவந்தார்கள். இன்று ஆஸ்பத்திரியில் வைக்கும் நீல விளக்கு அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அந்த விளக்கின் வேலையை முற்றத்து வெயில் செய்யாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ வெயிலுக்காகக் காத்திருக்காதீர்கள். ரத்தத்தில் பித்த நிறமி அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும்.

பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது அல்லது சுடுவது, வேகமாக மூச்சு வாங்குவது, வலிப்பு, துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கை வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.