வெள்ளித்திரையின் சாட்சியம்

‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ என்னும் ஒற்றை வரியுடன் ஆரம்பமாகும் திரைப்படங்கள் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. அந்த வரி ஒரு சத்தியப் பிரமாணம் போன்றது. கதை என்று சொல்லியிருந்தால் நாம் கதையாகவே பார்த்துவிட்டு வந்திருப்போம். உண்மை என்று சொல்லப்பட்டதனால் அங்கே கண்ட முகங்களும் கேட்ட வசனங்களும் வரலாறாகவே மனதில் தங்கிவிடுகின்றன. பாடப்புத்தகத்தில் படித்தது மறந்து போகின்றது. திரையில் பார்த்தது மறப்பதில்லை.

சத்தியம் செய்து சாட்சி சொல்வோரை நாள்தோறும் காணும் இடம் புதுக்கடை. 1656இல் கொழும்பு முற்றுகையின்போது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ப்டின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் இப்பகுதி, நம்மவர்க்கு என்றுமே புதுக்கடைதான். இங்குள்ள நீதிமன்றங்களில் 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமே சாட்சியங்களை நிறுத்துப் பார்க்கிறது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியாகக் கண்டதாகவோ கேட்டதாகவோ இருத்தல் வேண்டும்; பிறர் சொல்லக் கேட்டேன் என்பது சில விதிவிலக்குகள் தவிர எடுபடாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையும் செய்வார். திரைப்படத்தைக் குறுக்கு விசாரணை செய்பவர் எவருமில்லை.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மீதான வழக்கை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய இவர், 1739இல் தொடங்கிய நாயக்கர் அரச மரபின் இறுதி மன்னர். 1798இல் அதிகாரம் பிலிமத்தலாவையின் ஆதரவோடு அரியணை ஏறினார். 1814இல் எஹலேபொல அதிகாரம் மன்னருக்கு எதிராகக் கிளர்ந்து, பின்னர் கொழும்பிலிருந்த பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் மன்னரின் பிடியில் இருந்தனர். பிள்ளைகளின் தலைகள் துண்டிக்கப்பட்டன, அத்தலைகளை உரலில் இட்டுக் குத்துமாறு தாய் பணிக்கப்பட்டாள், பின்னர் அவளும் ஏனைய பெண்களும் போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டனர் என்பதே நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. 2014இல் சுனில் ஆரியரத்னவின் நெறியாள்கையில் வெளிவந்த ‘எஹலேபொல குமாரிஹாமி’ என்ற சிங்களத் திரைப்படத்தின் உயிர்நாடியும் இத்துயரமே.

அக்குடும்பத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் மறுப்பதில்லை. அது கொடுமையே, அதற்கு நாம் நியாயம் தேடவில்லை. கேள்வி அந்த உரலைப் பற்றியது. அதனை விரிவாக எழுதிப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜோன் டேவி என்னும் பிரித்தானிய இராணுவ மருத்துவர். அவருடைய நூல் 1821இல் வெளியானது. அவர் இலங்கையில் பணியாற்றியதோ 1816 முதல் 1820 வரை. அதாவது, சம்பவம் நடந்த 1814இல் அவர் இந்நாட்டிலேயே இருக்கவில்லை. அவருக்குத் தகவல் சொன்னவர்கள் யார், அவர்களுக்கு மன்னர் மீது இருந்த பகை என்ன என்பனவெல்லாம் புதுக்கடையில் எந்தச் சட்டத்தரணியும் முதலில் கேட்கக்கூடிய கேள்விகள்.

படையெடுத்தவர்களுக்கும் அக்கதை தேவைப்பட்டது. 1815 ஜனவரியில் ஆளுநர் பிரவுன்றிக் போர்ப் பிரகடனம் செய்தபோது, கொடுங்கோலனிடமிருந்து மக்களை மீட்பதே நோக்கம் என்று காட்டிக்கொண்டார். மறைந்த மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட நூலில், மன்னரைப் பற்றிய அரக்கச் சித்திரம் இத்தகைய அரசியல் தேவைகளினால் வளர்த்தெடுக்கப்பட்டதென விரிவாக வாதிட்டுள்ளார். ஒரு சிங்களப் பேரறிஞர் இதனை எழுதினார் என்பதைத் தமிழ் வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். 2018இல் வெளியான ‘கிரிவெஸ்ஸிபுர’ என்ற சிங்களத் திரைப்படமும் அதே மன்னரை மையப்பாத்திரமாக எடுத்துக்கொண்டது. ஆகவே இதனை ஓர் இனத்தின் சதியெனச் சொல்லி முடித்துவிட முடியாது.

இருப்பினும் இதிலே நமக்கொரு தனிப்பட்ட பாதிப்பு உண்டு. 1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி ஒப்பந்தம் மன்னருடைய உறவினரை ‘மலபார்’ என்று குறிப்பிட்டு, அவர்களுக்கு அரசுரிமை இல்லையென அறிவித்தது. ஆண் உறவினர்கள் கண்டிப் பிரதேசத்துள் நுழையவும் தடை விதித்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட கண்டிப் பிரதானிகளிலேயே சிலர் தமிழ் எழுத்துகளில் ஒப்பமிட்டிருந்தனர் என்பது வரலாற்றின் வேடிக்கை. உரற்கதை திரையில் ஓடும்போது அரங்கில் இருப்பவர் காண்பது ஒரு கொடிய மன்னனை மட்டுமல்ல. ஒரு கொடிய தமிழனை. பக்கத்து இருக்கையில் நம் பிள்ளை அமர்ந்திருந்தால் அப்பிள்ளை என்ன நினைக்கும்?

ஆனால் நம்முடைய கை சுத்தமானதா? 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தை நம் வீடுகளில் அறியாதவர் இல்லை. வரி கேட்ட கலெக்டர் ஜாக்சனின் முகத்துக்கு நேரே சிவாஜி கணேசன் முழங்கிய வசனத்தைப் பாடசாலைக் கலைவிழாக்களில் ஒப்புவித்த சிறுவர்கள் எத்தனை பேர்! ஆவணங்கள் சொல்வது வேறு. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்த அச்சந்திப்பில் கட்டபொம்மனையும் அவருடைய அமைச்சரையும் ஜாக்சன் மூன்று மணி நேரம் நிற்கவைத்தார். கணக்குகள் பார்க்கப்பட்டன. நிலுவையில் பெரும்பகுதி செலுத்தப்பட்டு, 1080 வராகனே மிச்சம் என்பது தெரியவந்தது. அவரைத் தடுத்து வைக்க முயன்றபோது கைகலப்பு ஏற்பட்டது; கம்பெனி அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் நடந்த விசாரணையின் முடிவில் ஜாக்சன் பதவி இழந்தார். வரியே கொடாத வீரனைக் காட்டிலும், வரியைக் கட்டிய பின்னரும் அவமதிக்கப்பட்ட மனிதனின் கதை நம் நெஞ்சை ஆழமாகத் தொடும் என்பதே நம் கருத்து. ஆனால் அதிலே கைதட்டலுக்கு இடம் குறைவு.

எட்டயபுரத்தாரின் கதியோ இன்னும் பரிதாபமானது. காட்டிக்கொடுப்பவனுக்கு ‘எட்டப்பன்’ என்றே தமிழில் பெயராகிவிட்டது. எட்டயபுரம் கம்பெனியின் பக்கம் நின்றது மெய்தான். எனினும், கட்டபொம்மனைக் காட்டில் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 ஒக்டோபர் 16ஆம் திகதி கயத்தாறில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டபொம்மனும் தெலுங்கு வேர் கொண்ட நாயக்கர் மரபினர். கண்டி மன்னரும் தெலுங்கு வேர் கொண்ட நாயக்கர் மரபினர். இருவரையும் வீழ்த்தியவர்கள் ஆங்கிலேயரே. ஒருவரைத் திரை நம்முடைய தமிழ் வீரனாக்கியது. மற்றவரை வேறொரு திரை தமிழ்க் கொடியவனாக்கியது. தமக்குச் சாதகமாகத் தவறு செய்யும் படத்தை எவரும் தவறென்று சொல்வதில்லை.

சொல்லாமல் விடுவதும் ஒரு பிழையே. உத்துவன்கந்தையின் சரதியெல், செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவனாக மேடையிலும் திரையிலும் போற்றப்பட்டவன். அவனோடு சேர்ந்து 1864 மே மாதம் கண்டியில் தூக்கிலிடப்பட்டவர் மம்மலே மரிக்கார் என்னும் முஸ்லிம் நண்பர். அவர்களைப் பிடிக்கச் சென்று அவ்வாண்டு மார்ச் 21ஆம் திகதி உயிரிழந்தவர் சபான் என்னும் மலாய் முஸ்லிம் கான்ஸ்டபிள். பொலிஸ் வீரர்கள் தினமாக இன்றும் நினைவுகூரப்படுவது அவர் மடிந்த அந்த மார்ச் 21ஆம் திகதியே. கொள்ளையனின் தோழனும் முஸ்லிம், கடமையில் மடிந்த காவலனும் முஸ்லிம். சரதியெலின் பெயர் தெரிந்த பிள்ளைகளில் சபானின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்?

பழைய கதைகளை விடுவோம். சாட்சிகள் உயிரோடிருக்கும் காலத்துச் சம்பவங்களிலும் இச்சிக்கல் உண்டு. ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சா 1990 பெப்ரவரி 18ஆம் திகதி வீட்டிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தாயார், தமிழரான மருத்துவர் மனோராணி சரவணமுத்து, மகனுக்காக நீதி கேட்டுப் போராடி 2001இல் காலமானார். 2005 நவம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட பொலிஸார் மூவரை விடுதலை செய்தது. 2025 ஜனவரியில் அசோக ஹந்தகமவின் ‘ராணி’ அந்தத் தாயின் கதையுடன் வெளியானபோது, அவருடைய தனிப்பட்ட வாழ்வைச் சித்திரித்த முறை குறித்து விவாதம் எழுந்தது. நீதிமன்ற ஏட்டில் வெற்றிடமாக இருக்கும் பக்கத்தைத் திரைப்படம் காட்சிகளால் நிரப்பித்தான் ஆக வேண்டும். அந்த உரிமையைக் கலைஞனுக்கு மறுப்பது முறையன்று. எது ஏட்டில் உள்ளது, எது தன் கற்பனை என்பதைப் படத்தின் முடிவிலேனும் சொல்லிவிடுமாறு கேட்பது மிகையான கோரிக்கையுமன்று.

புதுக்கடையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், கோட்டை ஜனாதிபதி மாவத்தையில், உயர்ந்த மாடிக் கட்டடம் ஒன்றின் ஓரமாக ஒரு சிறு கூடு நிற்கின்றது. கண்டி மன்னர் அடைக்கப்பட்டிருந்த சிறை இதுவே என்று வருவோர்க்குக் காட்டப்படுகின்றது. 1815 பெப்ரவரியில் சிறைப்பட்ட மன்னர் மறுமாதம் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டதும், 1816 ஜனவரியில் கப்பலேற்றப்பட்டதும், 1832இல் வேலூரில் மறைந்ததும் உண்மை. ஆனால், கோட்டையினுள் வசதிகள் செய்யப்பட்ட ஒரு வீட்டிலேயே அவர் குடும்பத்தோடு தங்கவைக்கப்பட்டார் என்று அக்காலத்தில் இங்கு பணியாற்றிய ஹென்றி மார்ஷல் எழுதி வைத்திருக்கிறார். அவரும், டேவியைப் போலவே, ஒரு பிரித்தானிய இராணுவ மருத்துவர்தான்.