தறியின் ஓசையும் இணைய முகவரியும்

சங்கரன்கோவிலின் தெருக்களில் நடப்போருக்கு விசைத்தறிகளின் ஓசை பழகிப்போன ஒன்று. 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தில், ஜவுளிக்குப் பெயர் பெற்ற ஊர் இது. எனினும் இங்கு நெய்யப்படும் பருத்திச் சேலைகள் வெளியூர்க் கடைகளின் அலமாரிகளை அடையும்போது, நெய்தவரின் பெயரோ ஊரின் பெயரோ பெரும்பாலும் உடன் செல்வதில்லை. இதே ஊரின் சுல்தான் பிரியாணி வாய்மொழியாகவே பல ஊர்களுக்குப் பரவிவிட்டது. உண்டவர் சொல்கிறார், கேட்டவர் தேடி வருகிறார். சேலைக்கு அந்த வாய்ப்பு வாய்க்கவில்லை.

வணிகர் தமக்கென ஓர் இணையதளம் அமைத்துக்கொண்டால் இக்குறை ஓரளவேனும் தீரும். “வாட்ஸ்அப் இருக்கிறது, இன்ஸ்டாகிராம் இருக்கிறது, தனியாகத் தளம் எதற்கு?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் இல்லத்தரசிகள் பலர் வீட்டிலிருந்தபடியே அவற்றின் மூலம் துணி விற்று வருகின்றனர். ஆனால் அவையெல்லாம் பிறருடைய திண்ணையில் விரித்த கடைகள். 2020 ஜூனில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது, அதையே நம்பியிருந்தோர் தம் வாடிக்கையாளரை ஒரே இரவில் இழந்தனர். சிறு கடைகளுக்குக் கூகுள் இலவசமாக அளித்துவந்த எளிய இணையதளங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. திண்ணைக்காரர் கதவடைத்தால் நாம் கேட்பதற்கு எதுவும் இல்லை.

ஆகவே முதல் வேலை, சொந்தமாக ஒரு முகவரியைப் பதிவு செய்வது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டிய உரிமை இது. இதில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. என் மச்சான் தம் சேலை வியாபாரத்திற்குத் தளம் அமைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தார். அவர் முகவரியைத் தம் பெயரிலேயே பதிந்துகொண்டார். இரண்டாண்டுகளுக்குப் பின் அவரைத் தொடர்புகொள்ள இயலவில்லை, தளமும் மறைந்தது. பைகளிலும் ரசீதுகளிலும் அச்சிட்ட முகவரியெல்லாம் வீணாயிற்று. வேலையை யார் செய்தாலும் பதிவு வணிகரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய தொலைபேசி எண்ணில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லும் வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் இன்று கிடைக்கிறது. ஆயினும் வெளிமாநிலத்தார் தட்டச்சு செய்ய ஆங்கில எழுத்து முகவரி ஒன்றும் வேண்டும்.

தளத்தின் அழகைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வருவோரில் மிகப் பெரும்பாலோர் கைபேசியில்தான் பார்ப்பார்கள். பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும். விலை தெரிய வேண்டும். “விலைக்கு அழைக்கவும்” என்று எழுதிவைப்பது வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழி. சேலையின் நீளம், ரவிக்கைத் துணி உண்டா, எந்த நூல், முதல் சலவையில் சாயம் போகுமா என்பவற்றையெல்லாம் எழுத வேண்டும். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்தல் நலம். மின்விளக்கின் கீழ் எடுத்து, வண்ணத்தை மேலும் மெருகேற்றிப் போடுவோர் உண்டு. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. கைபேசித் திரையில் கைவிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வழியில்லை என்பதால், இங்கே பொறுப்பு இன்னும் கூடுகிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் நிறுவனத்தின் பெயர், முகவரி, திரும்பப் பெறும் நிபந்தனை, குறைகேட்கும் அலுவலர் ஆகிய விவரங்களைக் கோருகின்றன.

தளத்தை அமைத்தவுடன் கூட்டம் வந்துவிடாது. முருகவேல் ஜானகிராமனின் அனுபவத்தை இங்கு நினைவுகூரலாம். அமெரிக்காவில் மென்பொருள் பணியில் இருந்தபோது, 1997-இல் தமிழருக்கென ஒரு தளத்தை அவர் தொடங்கினார். பலவகைப் பகுதிகள் இருந்தும் மக்கள் மிகுதியாக நாடியது திருமண வரன் பகுதியையே. அதைக் கவனித்து, அதையே தனித் தொழிலாக வளர்த்தார். 2017-இல் அந்நிறுவனம் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. வருவோர் எதைத் தேடுகிறார்கள் என்பதைப் பார்த்ததே அவருடைய கெட்டிக்காரத்தனம். இடம் ஒரு தடையா என்றால், அருகிலுள்ள தென்காசி மத்தளம்பாறையைப் பார்த்தால் போதும். 1996-இல் தொடங்கிய ஸோஹோ நிறுவனம் 2011 முதல் தென்காசிப் பகுதியிலும் இயங்கி, உலகெங்குமுள்ளோருக்கு இணையம் வழியே மென்பொருள் விற்கிறது.

தேடுபொறியில் மக்கள் என்ன சொற்களை இடுகிறார்களோ, அவையே தளத்திலும் இருக்க வேண்டும். “ஜவுளி உலகின் சிகரம்” என்று எவரும் தேடுவதில்லை. “சங்கரன்கோவில் காட்டன் சேலை மொத்த விலை” என்றுதான் தேடுவார்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவதற்குக் கட்டணமில்லை. ஒரே வாரத்தில் முதலிடம் பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்போரை வாசலோடு அனுப்பிவிடலாம். அது மாதக்கணக்கில் கைகூடுவது. பெருநாள் வியாபாரத்தை எதிர்பார்ப்போர் ஷஃபான் மாதத்திலேயே படங்களை ஏற்றிவிட வேண்டும். ரமலான் இறுதியில் ஏற்றினால் பார்சல் பெருநாளுக்கு மறுநாள்தான் போய்ச் சேரும். பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையில், திருப்பி அனுப்பப்படும் சேலைகளுக்கு இருவழிக் கூலியும் நம் தலையில் விழக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மச்சான் மீண்டும், இம்முறை தம் பெயரிலேயே, தளம் தொடங்கியிருக்கிறார். அதில் இப்போது 22 சேலைகளே உள்ளன. விற்றுப்போனதை அன்றிரவே என் தமக்கை நீக்கிவிடுகிறார்.